குளிர் பிடித்த பெட்டரி

பிள்ளைக் காம்பரா,
மேட்டுப் பிரிவு,
கந்தப்பளை.
மாசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் விஜிதரனுக்கு, உன் அம்மா பூரணி சொல்லச் சொல்ல உன் தங்கை வினோதா எழுதுவது. நானும் அப்பாவும் தங்கையும் கை கால் முழுசாக இருக்கிறோம். அதுபோல நீயும் அந்த மஸ்கட் வெயிலில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கவேண்டும் என்று மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். நலமா என்று கேட்க வாய் வருகிறது ராசா, நலம் என்று சொல்லத்தான் வரமாட்டேன் என்கிறது. (அண்ணே, அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் நான். எழுதி முடித்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவேண்டும். அடைப்புக்குறி வரும் இடத்தில் எனக்கு இருமல் வந்துவிடும், பயப்படாதே.)

மேலே விலாசத்தைப் பார்த்துத் திகைக்காதே. பிள்ளைக் காம்பராவில்தான் இருக்கிறோம். நான் கொழுந்தெடுக்கப் போகும்போது உன்னைத் தொட்டிலில் போட்டு ஆயாவிடம் விட்டுப் போவேனே, அதே இடம். மேட்டு லயத்து வரிசை வீடுகளில் மிச்சம் இருந்த குடும்பங்கள் எல்லாம் இப்போது இங்கேதான் படுக்கிறோம், ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள், நடுவில் யாரோ கட்டிய சேலை. பகலில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள் என்பதால் விடிந்ததும் பாயைச் சுருட்டி வெளியே வைத்துவிடவேண்டும். அப்பாவுக்கு இடுப்புவலி கூடிவிட்டது, சிமெந்துத் தரைக் குளிர் எலும்பு வரைக்கும் போகிறது என்கிறார். (பதினாறு வயதில் என்னைத் திரும்பவும் பிள்ளைக் காம்பராவில் சேர்த்துவிட்டார்கள், எந்தப் பாடத்தில் பெயில் என்று மட்டும் சொல்லவில்லை. சுவரில் அ, ஆ, இ, ஈ எல்லாம் படத்தோடு எழுதியிருக்கிறது. ஈக்குப் படம் தேவையே இல்லை, நேரிலேயே வந்து உட்காருகிறது.)

மாயாண்டி அண்ணனுடைய முப்பதாம் நாள் காரியம் முடிந்து அவர் மகன் திலக்ஷன் திரும்பவும் உங்கள் குடோனுக்கே வருகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கிறவர்கள், ஆகவே செத்த செய்தி உனக்குப் புதிது இல்லை. ஆனால் அவன் இங்கே வந்து என்னிடம் சொன்ன ஒரு சொல் எனக்குப் புதிது. காரியம் நடந்த அன்று எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்தை, விஜி அங்க சோறு திங்கிறதில்ல. 'என் கெமராவாலதான்டா ஒங்கப்பா போயிட்டாரு'ன்னு சுவத்தப் பாத்துக்கிட்டே படுத்துக் கெடக்கான். நான் சொன்னா கேக்க மாட்டேங்குறான், நீங்க ஏதாவது சொல்லுங்க" என்றான். தகப்பனைக் கொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளை, என் பிள்ளைக்கு ஆறுதல் கேட்டு வருகிறான். இதெல்லாம் போனில் பேசுகிற விசயம் இல்லை, நான் அழுவேன், நீ அழுவாய், அதற்குள் லைன் வெட்டிவிடும். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், முழுவதும் வாசித்துவிட்டுப் பிறகு யாரால் என்று நீயே முடிவுசெய்.

கார்த்திகை மழைக்குப் பிறகு நம் லயத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு வெடிப்புத் தெரிந்தது, தேயிலை நிரைக்கு நடுவில் யாரோ முள்ளால் கோடு இழுத்த மாதிரி. அடுத்த கிழமை, ஏழே நாளில், அது மாயாண்டி அண்ணனுடைய தொங்கல் வீட்டுப் பின்சுவரில் இறங்கியது. தொங்கல் வீடு லயத்தின் கடைசி வீடு என்பதால் மலை முதலில் அவரைத்தான் தட்டும், அடுத்தது நம்மை. எல்லாரும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்று சத்தம் போட்டபிறகு, மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு மேலிடத்துக்குச் சொல்லி, நுவரெலியா மண்சரிவு ஆபீசிலிருந்து ஒரு ஐயா ஜீப்பில் வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். தீபாவளிக்கு நாங்கள் வழக்கம்போல ஓட்டை ஒடிசலுக்கு எல்லாம் களிமண் பூசி வெள்ளையடித்திருந்தோம் அல்லவா, அந்தப் பூச்சு வெடிப்பின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு இருந்தது. அதைக் காட்டி, "மேக பரண எகக்னே" என்றார், இது பழசு என்று. பூசியிருந்தால் பழைய வெடிப்பாகத்தான் இருக்கவேண்டுமாம். வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று பண்டிகைக்குப் பூசியது எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று யார் கண்டது. புதிது ஐயா, விரிகிறது ஐயா என்று அப்பா கும்பிட்டுக் கேட்டபிறகு, "அப்ப கிழமைக்கு ஒரு படம் எடுங்க, ஒரு மாசத்துக்கு. போன் படம் வேணாம், போன்ல எதையும் மாத்தலாம். கெமராவுல எடுத்து, படத்துலயே தேதி விழுந்திருக்கணும். விரியிதுன்னு தெரிஞ்சா லயத்தையே காலி பண்ணி வேற எடம் குடுக்கச் சொல்லி நான் எழுதுறேன், ஹரி?" என்றார். (சிங்களத்தில் சரி என்பதற்கு ஹரி என்பார்கள் என்று உனக்குத் தெரியும். அந்த ஐயா நாலு சொல்லுக்கு ஒரு ஹரி வைப்பார். மாயாண்டி மாமா என் காதில், "நல்ல மனுசன்டி, மூச்சுக்கு மூச்சு பெருமாளக் கூப்புடுறாரு" என்றார். அவர் ஹரி என்றார், நாங்கள் சரி என்றோம். மலையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதுவும் எங்களைப் போலச் 'சரி' என்று சொல்லும் என்று அப்போது தெரியவில்லை.)

போன் படம் வேண்டாம் என்றதும் எல்லாருக்கும் உன் ஞாபகம்தான் வந்தது. ஏரிக்கரையில் ஊர் பார்க்க வருகிறவர்களைப் படம் பிடித்து அந்த இடத்திலேயே அச்சடித்துக் கையில் கொடுப்பாயே, அந்தக் கெமரா, எல்லார் கையிலும் போன் வந்து உன் பிழைப்புப் போனபிறகு தகரப் பெட்டியில் கிடந்தது. எடுத்துத் துடைத்து அமுக்கினால் மூச்சே இல்லை. (படம் பிடிக்கிற கெமராவுக்கு என்னென்னவோ பிடித்திருந்தது. கண்ணாடியில் பூஞ்சணம் பிடித்திருந்தது, ஸ்பிரிங்கில் துரு பிடித்திருந்தது, தோல் உறை எலிக்குப் பிடித்திருந்தது. படம் பிடிக்கத்தான் அதற்குப் பிடிக்கவில்லை.) டவுனில் நஜீம் நானாவின் ஸ்டூடியோவுக்குப் போய் அவர் போனில் உனக்குச் சொல்லி, நீ பேசி அனுப்பினதைக் கேட்டுக்கேட்டு வந்துதான் ஒவ்வொன்றாகச் செய்தோம். பெட்டரியின் பித்தளை முனையை எழுதுகிற இவளுடைய அழிறப்பரால் தேய்க்கச் சொன்னாய், தேய்த்துச் சார்ஜ் ஏற்றியதும் உயிர் வந்தது. பின்னால் இருக்கிற திரை மட்டும் இருட்டாகவே கிடந்தது. அது செத்துவிட்டது, விடுங்கள், மேலே இருக்கிற ஓட்டை வழியாகப் பார்த்து எடுங்கள், படம் கார்டில் விழும் என்றாய். அப்புறம் அமுக்கும்போதெல்லாம் மூன்று தடவை கீச்சிட்டது. கார்டு பூட்டியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினாய். இவள் சாவித் துவாரம் தேடிக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள், கடைசியில் கார்டின் விலாவில் நகத்தால் தள்ளுகிற சின்னத் தாழ்ப்பாள் ஒன்று இருந்தது.

முதல் படத்தில் சுவரே இல்லை. வெள்ளையடித்த சுவரில் பிளாஷ் அடித்து, நஜீம் நானா கழுவிக் காட்டிய படம் வெறும் வெள்ளைக் கடதாசியாக இருந்தது, மூலையில் வாசிக்க முடியாத ஒரு மஞ்சள் கீறல் மட்டும். (அந்த ஐயாவுக்கு இதைக் கொடுத்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார், வெடிப்பே இல்லையே என்று.) பிளாஷின் மேல் டொபி மிட்டாய் சுற்றுகிற கடதாசியை ஒட்டச் சொன்னாய், அது சரிவந்தது. கை ஆடுகிறது, எங்காவது ஊன்றி எடு என்றாய், கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தாள். அப்புறம் புகை போட்டது போல ஒரே மங்கல். அடுப்படிச் சூட்டிலிருந்து கெமராவை நேரே பனிக்குள் கொண்டுபோனால் கண்ணாடிக்குள் வேர்த்துவிடும், அரிசிக்குள் புதைத்து வையுங்கள் என்றாய். அரிசிப் பானையில் கெமரா மூழ்குகிற அளவுக்கு அரிசி அப்போது இல்லை ராசா. அப்பாதான் தேயிலைப் பெக்டரிக்குக் கொண்டுபோய், கொழுந்து வாடப் போடுகிற மாடியில் சூட்டுக்காற்று வரும் இடத்தில் வைத்துவிட்டு வந்தார். ஈரச் சப்பாத்து, ஈரச் சாக்கு எல்லாவற்றுக்கும் நமக்கு அதுதானே வைத்தியம். காய்ந்துவிட்டது, ஆனால் இடுக்கெல்லாம் தேயிலைப் பஞ்சு. மாயாண்டி அண்ணன் மோந்து பார்த்துவிட்டு, "இதுல எடுத்தா படத்துக்குச் சாயம் நல்லா எறங்கும் தங்கச்சி" என்றார்.

அவர்தான் ஒவ்வொரு படத்துக்கும் நெருப்புப்பெட்டியைச் சுவரோடு சேர்த்துப் பிடிப்பவர், வெடிப்பு எவ்வளவு என்று பக்கத்தில் வைத்து அளக்க. பெட்டியை ஆணியடித்து மாட்டிவிடலாம் என்று அப்பா சொன்னதற்கு, வெடித்த சுவரில் ஆணி அடிக்கிறவன் மடையன் என்று சண்டைக்குப் போனார். படத்தில் விழுவது அவர் கை மட்டும்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முகம் கழுவி, எண்ணெய் வைத்துத் தலைவாரி, திலக்ஷன் அனுப்பிய கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்து நிற்பார். (நான், "மாமா, கைக்கு மட்டும் பவுடர் போட்டா போதும்" என்பேன். "போடி வாயாடி, ஆபீசு வரைக்கும் போற கை, அதுக்குப் பின்னால ஒரு ஆள் இருக்கான்னு மரியாத வேணாமா" என்பார்.)

மாதம் முடிந்ததும் நானும் அப்பாவும் படங்களைக் கழுவிக்கொண்டு நுவரெலியா பஸ் ஏறினோம். பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கிறது, நஜீம் நானா அவசரத்தில் கவருக்குள் போட்டு ஒட்டி ஓடிவந்து கையில் கொடுத்தார், அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. அந்த ஐயாவின் மேசையில்தான் கவர் திறந்தது. படம் எல்லாம் அச்சாக இருந்தது, முதல் படத்தில் வெடிப்பு நெருப்புப்பெட்டியின் கனம்கூட இல்லை, கடைசிப் படத்தில் பெட்டியைப் படுக்க வைத்தால் உள்ளே போகும். ஐயா அதைப் பார்க்கவில்லை. மூலையில் மஞ்சளாக எழுதியிருந்ததைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இங்க பாருங்க அம்மா, ரெண்டாயிரத்து எட்டு. அப்ப வெடிச்ச சுவர் இன்னும் நிக்குதுன்னா, நல்ல சுவர்தானே" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சிரித்தார், எதற்கு என்று தெரியாமல். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கெமரா பழையது ஐயா, தேதி பிழையாக விழுந்திருக்கும் என்று நான் சொல்ல, "அப்ப திருத்திட்டு மறுபடி ஒரு மாசம் எடுங்க. ஒரு கிழமையும் விடக்கூடாது. நடுவுல ஒண்ணு விட்டுப்போனா மறுபடியும் மொதல்லயிருந்துதான்" என்றார். (நான் பிறக்காத வருசத்தில் நான் எடுத்த படங்கள், அண்ணே. அந்த ஐயாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை.)

உன்னிடம் கேட்டபோதுதான் நீ சொன்னாய், உள்ளே காசு அளவில் இன்னொரு சின்னப் பெட்டரி இருக்கிறது, அது செத்தால் பெரிய பெட்டரியைக் கழற்றுகிற ஒவ்வொரு தடவையும் கெமராவுக்குத் தேதி மறந்துவிடும் என்று. அதை மாற்ற இங்கே ஆள் இல்லை. நஜீம் நானா தன் கடை டீவியில் வயரைக் கொடுத்து அந்தத் திரையில் பார்த்துத் தேதியைச் சரியாக வைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை, கவரைத் திறந்து பார்க்காமல் விட்டது என் பிழை என்று இரண்டு தடவை சொன்னார். வீட்டில் அப்பா பெரிய சட்டம் போட்டார், மாதம் முடியும் வரைக்கும் பெட்டரியை யாரும் கழற்றக்கூடாது. கழற்றாமல் அதைச் சார்ஜ் ஏற்றவும் வழி இல்லை. அதனால் இருக்கிற சார்ஜில் மாதத்தை ஓட்டவேண்டும், கிழமைக்கு ஒரு படம், ஒரே அமுக்கு. தை மாதக் குளிரில் அந்தப் பெட்டரி விடியற்காலையில் மயங்கிவிடும். குளிர் பட்டால் அப்படித்தான், கெமராவை அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கு, திரும்பவும் வேலை செய்யும் என்று நீ பேசி அனுப்பியதை நஜீம் நானா மூன்று தடவை போட்டுக் காட்டினார். (கோழி முட்டையில் உட்காருவதுபோல நான் கெமராவில். மாமா கேட்பார், "பொரிச்சிருச்சா?")

தை கடைசியில் எதிர்பாராமல் மழை பிடித்தது, மூன்று நாள் விடவில்லை. கண்டாக்கு காலையிலேயே வந்து மேட்டு லயத்து ஆட்கள் எல்லாரும் பிள்ளைக் காம்பராவுக்கு இறங்குங்கள் என்று சொன்னார், நாங்களும் பாய் தலையணையோடு இறங்கிவிட்டோம். மாயாண்டி அண்ணனும் எங்களோடு இறங்கியவர்தான், தேத்தண்ணியும் குடித்தார். குடித்து முடித்து எழும்பித் தலை வாரினார். எங்கே என்றால், இன்றைக்குப் படம் எடுக்கிற நாள் என்றார். எனக்கு வந்த கோபத்தில், "சுவரு என்ன மாடா அண்ணே, அவுத்துக்கிட்டு ஓடிப் போயிருமா, நாளைக்கு எடுக்கலாம்" என்றேன். "ஒரு நாள் தள்ளினாலும் கிழமை விட்டுப்போச்சுன்னு மறுபடி மொதல்லயிருந்து எடுக்கச் சொல்லுவானுங்க தங்கச்சி. இன்னொரு மாசத்துக்கு அந்தச் சுவரு தாங்காது. போய்ட்டு ஒரு நிமிசத்துல வந்துர்றோம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். இவளும் கெமராவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம். ஆனால் அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

(அம்மா பேச்சை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்துகிறார். இனி நடந்ததைப் பார்த்தது நான் மட்டும்தான், ஆகவே நானே எழுதுகிறேன். மாமா முன்னால் போய்விட்டார். லயத்துக்குக் கீழே தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கு நான் வந்ததும், மேலே போய் நிற்கும்போது வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்று அங்கேயே ஒருமுறை கெமராவை அமுக்கிப் பார்த்தேன். செத்துக் கிடந்தது. தண்ணீர் விழும் இடத்திலிருந்து தள்ளி, படிக்கட்டின் அடியில் நின்று, சட்டைக்குள் விட்டு அக்குளில் வைத்துக்கொண்டேன். இரும்பு மாதிரிக் குளிர்ந்தது. மேலே மாமாவின் கை தெரிந்தது, சுவர் மூலையில், நெருப்புப்பெட்டியோடு. "ஏய் வாயாடி, வா சீக்கிரம், கை கடுக்குது" என்று கத்தினார். "கைய மாத்திப் புடிங்க மாமா, பெட்டரிக்குக் குளிர் புடிச்சிருச்சு" என்று நானும் கத்தினேன். "அப்ப அதுக்குக் கம்பளி வாங்கிக் குடு" என்றார். அதற்குப் பதிலாக நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், என்னவென்று இப்போது ஞாபகம் இல்லை. லொறி ஒன்று மேட்டில் ஏறுவது மாதிரிச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் ரோட்டே கிடையாதே என்று திரும்பிப் பார்த்தேன். தேயிலைச் செடிகள் விழவில்லை அண்ணே, நின்றபடியே வந்தன, நிரை நிரையாக, காலையில் ஆட்கள் பெரட்டுக்கு இறங்குவது மாதிரி. தொங்கல் வீடு இருந்த இடத்தில் தேயிலை நின்றது. பிறகு அதுவும் கவிழ்ந்தது. நம் வீட்டில் பாதியும் அதோடு போனது. மண் பீலிக்கு மேல் படி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. நான் கையை அக்குளிலிருந்து எடுக்கவே இல்லை என்று என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் சொன்னார்கள்.)

அன்று பின்னேரமே மண்ணைத் தோண்டி அவரை எடுத்துவிட்டார்கள். எப்படி இருந்தார் என்று திலக்ஷனுக்கும் நாங்கள் சொல்லவில்லை, உனக்கும் சொல்லமாட்டேன், கேட்காதே. மறுநாள் அந்த ஐயா வந்தார், இன்னும் மூன்று ஜீப் வந்தது. யாரும் படம் கேட்கவில்லை. லயத்தில் நின்ற வீடுகளின் கதவில் எல்லாம் சிவப்புக் கடதாசி ஒட்டினார்கள், இங்கே இருப்பது ஆபத்து என்று மூன்று மொழியில். எங்கள் பெயர்களையும் எழுதிக்கொண்டார்கள், கீழே பணிய மலைப் பக்கம் காணி பார்க்கிறார்களாம், பார்க்கும் வரைக்கும் பிள்ளைக் காம்பராவாம். எல்லாம் ஒரே நாளில் நடந்தது. ஒரு மாதமும் வேண்டியிருக்கவில்லை, தேதியும் வேண்டியிருக்கவில்லை. அப்பா அந்த ஐயாவின் முன்னால் போய் நின்றார், அடிக்கப் போகிறார் என்று நான் பயந்தேன், அப்படியே திரும்பி வந்தார். அதிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை. (கெமராவைக் காயவைத்து அமுக்கிப் பார்த்தேன். திறக்கிறது, மூடுகிறது, தேதிகூடச் சரியாக இருக்கிறதாம், நஜீம் நானா பார்த்துச் சொன்னார். ஒரு பழுதும் இல்லை. படம் எடுக்கச் சுவர்தான் இல்லை.)

இப்போது நான் சொல்வதை நிதானமாகக் கேள். உன் கெமராவுக்குத் தேதி தெரியவில்லை, உண்மைதான். ஆனால் அந்தப் படத்தில் வெடிப்பு இருந்தது, விரிந்திருந்தது, பக்கத்தில் ஒரு மனிதனுடைய கை இருந்தது, கண் இருக்கிறவர் பார்த்திருக்கலாம். அவர் மூலையை மட்டும் பார்த்தார். நீ அங்கே பட்டினி கிடந்து அந்தப் பழியை உன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டால் யாருக்கு லாபம்? சுமக்கவேண்டியவர்கள் கை வீசிக்கொண்டு நடப்பார்கள், அவ்வளவுதான். அவர்களுடைய சுமையை நீ இறக்கிக் கொடுக்காதே. இன்னொன்றையும் சொல்கிறேன். அந்தப் பெட்டரி நல்ல பெட்டரியாக இருந்திருந்தால் உன் தங்கை பீலிக்கரையில் நின்றிருக்கமாட்டாள். நேரே மேலே போய், கூடையைக் கவிழ்த்து, அந்தச் சுவருக்கு முன்னால் குந்தியிருப்பாள். அப்படி நடந்திருந்தால் இன்றைக்கு நான் சொல்லிக்கொண்டு இருக்கலாம், எழுத ஆள் இருந்திருக்காது. ஒரே கெமரா எனக்கு ஒரு அண்ணனை எடுத்தது என்று நீ சொல்கிறாய், ஒரு மகளை விட்டு வைத்தது என்று நான் சொல்கிறேன். இரண்டில் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை, எடுத்ததை நினைத்து அழுகிறேன், விட்டு வைத்ததை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டே கும்பிடுகிறேன். இதைத் திலக்ஷனிடமும் சொன்னேன், சொல்லாமல் மறைத்தால் அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. அவன், "அவ மேல போயிருந்தா எங்கப்பா செத்தும் நிம்மதியா இருக்க மாட்டாரு அத்தை" என்றான். அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து அது வந்தபிறகு நீ கிடந்து வருந்த என்ன இருக்கிறது?

அவனிடம் ஒரு படம் இருக்கும். மாலை போட்டு வைக்க அவருடைய முகம் இருக்கிற நல்ல படமாகத் தேடினான், வீட்டோடு எல்லாம் போய்விட்டது. நஜீம் நானா அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார், அதை இங்கே வைத்திருக்கிறோம். அவன் தன்னோடு கொண்டுவருவது நாங்கள் எடுத்த படம், நெருப்புப்பெட்டி பிடித்த கை. அதில் தேதி பிழை, கை அவருடையதுதான். அறையில் அவன் அதை மாட்டினால் நீ பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.

உனக்கு நாலு வார்த்தை புத்தி. இரவு வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றில் படுக்காதே. திலக்ஷன் இனிமேல் யாரிடமும் தானாகச் சாப்பாடு கேட்கமாட்டான், தகப்பன் மாதிரி, நீதான் கூப்பிட்டு உட்காரவைக்கவேண்டும், ஆகவே நீயும் உட்கார்ந்தாக வேண்டும். லீவு கேட்டு மேலாளரோடு சண்டை போடாதே, வந்தாலும் பாய் விரிக்க இங்கே இடம் இல்லை, காணி கொடுத்து ஒரு கூரை எழும்பட்டும். காணி எப்போது என்று கேட்காதே, நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். தங்கை படிக்கிறாள், ஓ.எல். பரீட்சைக்குப் பிள்ளைக் காம்பரா விளக்கின் கீழ்தான் படிப்பு, மழை பெய்தால் மட்டும் புத்தகத்தை மூடிவிட்டுக் கதவடியில் போய் நிற்கிறாள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. (அண்ணே, இந்த வரியை அம்மா சொன்னபடியே எழுதிவிட்டேன்.)

மாரியாத்தா உன் பக்கத்தில் இருப்பாள், அப்பா கை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், இன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான். கடைசியாக ஒன்று, மறக்காதே. கெமராவுக்குப் புதுப் பெட்டரி வாங்கி வைத்திருக்கிறாய், யாராவது வந்தால் கொடுத்தனுப்புவாய் என்று திலக்ஷன் சொன்னான். அனுப்பவேண்டாம். வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் காசுக்கு இரண்டு பேரும் மீன் வாங்கி ஆக்கிச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
பூரணி

(பெயரை அம்மா தன் கையாலேயே எழுதினார். அந்த எழுத்துக்குக் கீழே இருக்கிற ஈரத்துக்கு நான் பொறுப்பு இல்லை, வினோதா.)